மங்களத்துக்கு முன்னால் எழுந்து போனவர்

மாணிக்கவாசகத்தின் அண்ணன் இறந்த செய்தி பதினொன்று இருபதுக்கு வந்தது. அப்போது அவர் தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து ஆனந்தபைரவிக்கு மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார். முழங்காலருகே வைத்திருந்த போன் அதிர்ந்தது. குனிந்து பெயரைப் பார்த்தார். எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளம் பிசகாமல் தொடர்ந்தார்.

பக்கத்தில் வயலினோடு உட்கார்ந்திருந்த ஹம்சா பார்த்தது இவ்வளவுதான். அவளுக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதமாகவே அவளுக்கு அவர்மேல் சந்தேகம். அடையாறில் கனகராஜ் என்று ஒருவர் சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் வைத்துக் குழு நடத்துகிறார். அவரோடு மாணிக்கவாசகம் பாண்டி பஜார் டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்ததை ஹம்சா தன் கண்ணால் பார்த்திருந்தாள். மறுநாள் கேட்டதற்கு, "சும்மா, தெரிஞ்சவர்தாம்மா" என்றார். சும்மா பேசுகிறவர் முகம் அப்படி இருக்காது என்று அவள் நினைத்தாள்.

அது போகட்டும். சாயங்கால வரவேற்பு எதற்கும் அவர் வருவதில்லை. மூன்று வருஷமாக இதே கதை. "பகல்னா சொல்லுங்கம்மா, ராத்திரி வேணாம்" என்பார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. ஒரு மிருதங்கக்காரர் ராத்திரிகளை யாருக்காக ஒதுக்கி வைப்பார்? அவர் போய்விட்டால் தன் குழுவே கலைந்துவிடும் என்பது ஹம்சாவுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அவளுடைய மயிலாப்பூர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வரவேற்புகளால்தான். அவர் கை இல்லாமல் அவள் வயலினை யாரும் கூப்பிடப் போவதில்லை.

பகல் வரவேற்புக்கென்று ஒரு மரியாதை உண்டு. ராத்திரி விளக்கில் எதையும் மறைக்கலாம். பகலில் பட்டுப்புடவையின் பழைய மடிப்புக்கூடத் தெரியும். வருகிறவர்கள் வரிசையில் நின்று, உறையைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, நேரே பந்திக்குப் போய்விடுவார்கள். கச்சேரியை யாரும் கேட்க வந்தவர்கள் இல்லை. அதற்காக அலட்சியமாக வாசித்துவிடவும் முடியாது. முன் வரிசையில் ஒரு கிழவர் எப்போதும் இருப்பார், விரலைத் தொடையில் தட்டிக்கொண்டு. சோக ராகம் தொடக்கூடாது. கண்ணை மூடி உருகக்கூடாது. பேச்சுக் குரலுக்கு மேல் வயலின் ஏறக்கூடாது. கச்சேரி நடுவில் மணமக்கள் வந்து சால்வை போர்த்துவார்கள். எழுந்து நின்று வாங்கிக்கொண்டு வாழ்த்த வேண்டும். இதையெல்லாம் ஹம்சாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே மாணிக்கவாசகம்தான். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்துக்கொண்டே கச்சேரி வாசித்தவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் அன்று முறை தவறினார்.

பன்னிரண்டு மணிக்கு மணமக்கள் சால்வையோடு வந்தார்கள். ஹம்சா எழுந்து வாங்கிக்கொண்டாள். மாணிக்கவாசகம் எழுந்தார், ஆனால் இரண்டடி பின்னால் போய்விட்டார். "மேடத்துக்குப் போர்த்தினதே போதும் தம்பி. நல்லா இருங்க" என்று தூரத்திலிருந்தே கும்பிட்டார். மாப்பிள்ளைப் பையன் நீட்டிய சால்வையோடு விழித்தான்.

"என்ன சார் இது?" என்றாள் ஹம்சா பல்லுக்குள்.

"ஒண்ணுமில்லம்மா. அடுத்தது கல்யாணியா?"

போன் மறுபடியும் அதிர்ந்தது. கவிழ்ந்தே கிடந்தது.

"எடுத்துப் பேசிடுங்கோளேன். யாரோ தவிக்கறா போலிருக்கே."

"முடியட்டும்."

வழக்கமாக அவர் ஐந்து நிமிஷம் தனி ஆவர்த்தனம் வாசிப்பார். அதற்கு மட்டும் பந்தியிலிருந்துகூடத் தலைகள் திரும்பும். அன்று ஹம்சா வயலின் வில்லை இறக்கி வழிவிட்டபோது, வேண்டாம் என்று தலையாட்டினார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிருதங்கத்தை உறைக்குள் தள்ளினார்.

"மங்களம் நீங்க மட்டும் வாசிச்சிருங்கம்மா."

"மிருதங்கம் இல்லாம மங்களமா? அடுத்த கச்சேரிக்கு நாழியாயிடுத்தா சார்? சொல்லிட்டே போகலாமே. நான் என்ன கையையா பிடிச்சு இழுக்கப் போறேன்?"

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கினார். கீழே மைக்செட் சக்திவேல் பைக்கை உதைத்துக்கொண்டு நிற்பதும், இவர் பின்னால் ஏறுவதும் ஜன்னலில் தெரிந்தது. ஓகோ, வண்டிகூட ஏற்பாடாகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கோபத்தில் மங்களத்தை வேகமாக வாசித்து முடித்தாள். முன் வரிசைக் கிழவர் முகம் சுளித்தார்.

பந்தியில் பெண்ணின் அம்மா மீனாட்சி அவளைத் தேடி வந்தாள். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். பேச்சில் இன்னும் சிவகங்கை போகவில்லை.

"என்னம்மா, மிருதங்கக்காரரு சாப்பிடாமப் போயிட்டாரு? சந்தனம் நீட்டுனேன், கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. தாம்பூலப் பையும் வாங்கல. எங்க மேல எதும் வருத்தமாம்மா? நல்ல நாளும் அதுவுமா மனசுக்கு என்னமோ மாதிரி இருக்குல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை மாமி. அவருக்கு இனிமே பெரிய இடம் கிடைச்சிருக்கு. நாமெல்லாம் கண்ணுல படமாட்டோம்" என்றாள் ஹம்சா.

சொன்ன சூட்டிலேயே கை கழுவும் இடத்துக்குப் போய் பிரணவைக் கூப்பிட்டாள். இருபத்தாறு வயசு, மிருதங்கத்தில் நல்ல கை, வாய்ப்புக்காக அவளுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புகிறவன். ஆவணியில் மிச்சமிருந்த தேதி, ஐப்பசி, கார்த்திகை, தை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எல்லாமேவா மேடம்? அப்ப மாணிக்கவாசகம் சார்?"

"அவர் வரமாட்டார். குறிச்சுக்கோ."

மூன்று மணிக்கு சக்திவேல் ஸ்பீக்கரைக் கழற்றத் திரும்பி வந்தான். ஹம்சா வாசலில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கொண்டு போய் விட்டே அவரை? அடையாறா?"

"இன்னாம்மா, உனக்கே தெரியாதா? ஆதம்பாக்கத்துல அவரு வூட்டாண்ட வுட்டேன். அண்ணங்காரரு பூட்டாரு. காத்தாலயே."

"காத்தாலயா? அவருக்குத் தெரியுமா?"

"ஏழு தபா போன் அடிச்சிக்கீது. வண்டி ஏறி, கிண்டி தாண்டினப்புறம்தான் எடுத்தாரு. இன்னா சார் இப்டின்னு கேட்டேன். 'எடுத்துக் காதுல வாங்கிட்டா தீட்டு சக்தி. அப்புறம் அந்தப் பொண்ணு கல்யாணத்துல நான் உக்காரக்கூடாது. எடுக்காத வரைக்கும் வாசிக்கலாம்'னாரு. பேர் பாத்தப்பவே மனசுக்குத் தெரிஞ்சிபோச்சாம்."

சால்வையும் சந்தனமும் தாம்பூலமும் மங்களமும் ஒவ்வொன்றாக ஹம்சாவுக்கு விளங்கின. காதில் வாங்காத தீட்டுக்கும் அவர் பாதி கட்டுப்பட்டிருக்கிறார். வாசித்தார், ஆனால் மணமக்களையோ மங்களப் பொருளையோ தொடவில்லை.

மாம்பலத்தில் ரயில் ஏறி, பரங்கிமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அவள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டியிருந்த பட்டுப்புடவை உறுத்தியது. வாசலில் ஒரு பெண் படுக்கைத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அன்வரி பேகம், நோயாளியைப் பகலில் பார்த்துக்கொள்ள வருகிறவள்.

"மூணு வருசம் படுக்கைம்மா" என்றாள் அவள். "நான் நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் தூக்கி உக்கார வெக்கறது, தொடைக்கறது, ஊட்டறது எல்லாம் தம்பிதான். அதான் சாயந்திரம் எங்கயும் நகரமாட்டார். ரொம்ப அவசரம்னா மட்டும் கூப்பிடுன்னு சொல்லி வெச்சிருந்தார். இன்னிக்கு வரைக்கும் நான் கூப்பிட்டதே இல்ல."

மாணிக்கவாசகம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை.

"கல்யாண மண்டபத்துலேர்ந்து நேரா வந்துட்டீங்களே. வீட்டுக்குப் போய்க் குளிச்சிருங்க. மங்களம் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் சார்."

"பொண்ணோட அம்மாகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படுவாங்க."

"சொல்லலை."

கொஞ்ச நேரம் இருவரும் பந்தல்காரர்கள் மூங்கில் கட்டுவதைப் பார்த்தார்கள்.

"பதினாறு முடியற வரைக்கும் வேற ஆளைப் பாத்துக்குங்கம்மா. அதுக்கப்புறம்..." அவர் நிறுத்தினார். "இனிமே சாயங்காலமும் வரலாம். வீட்ல யாரும் இல்ல."

சாயங்காலமும் வரலாம், ஆனால் யாரோடு வருவார்? அந்த வீட்டு வாசலில், அந்த நேரத்தில்கூட, டீக்கடையில் பார்த்த கனகராஜ் முகம் அவளுக்குள் வந்து போனது. வந்ததற்கு அவளுக்கே கூசியது. ஆனாலும் வாய் பழக்கப்படி, "பாக்கலாம் சார்" என்றது.

அவர் தலையாட்டினார்.

பதினாறும் முடிந்தது. ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி பிறந்துவிட்டது. தேதிகளைத் திருப்பிக் கேட்டுப் பிரணவுக்குப் போட வேண்டிய போனை ஹம்சா இன்னும் போடவில்லை.