பேரைச் சொன்னால் நான் இல்லை

பள்ளி விட்டதும் படித்து முடித்த புத்தகத்தோடு நேராகக் கிளை நூலகத்துக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. அந்த நேரத்தில் அது பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை. தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். யார் கையிலும் பேப்பர் இல்லை. அவர்களில் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர், என்னைப் பார்த்து, "வூட்டுக்குப் போம்மா. லைப்ரரி அம்மா வேலூர்ல தவறிட்டாங்க. காலைலதான் தந்தி வந்துது" என்றார். கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்தேன். கடைசித் தாளில் ஒட்டியிருந்த சீட்டில், அதைத் திருப்பித் தர வேண்டிய தேதியை லைப்ரரி அம்மாவே முத்திரை குத்தியிருந்தார். அந்தத் தேதி இன்னும் வரவில்லை.

பள்ளி ஆண்டு மலரில் கமலவேணி அம்மாவைப் பற்றி எழுதும்படி தமிழ் டீச்சர் என்னிடம் சொன்னார். அவருடைய நூலகப் பணியைப் பற்றி எழுதச் சொன்னார். அது உங்களுக்கே தெரியும். நம்மில் பாதிப் பேர் அவரிடம் புத்தகம் எடுத்தவர்கள். மெலிந்த உடம்பு, பெரிய மூக்குத்தி, சற்றுக் கரகரத்த குரல். யாரைக் கூப்பிட்டாலும் கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பார். அவர் "பாப்பாஆ" என்றால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று சொல்லிச் சிரிப்போம். கணவரோடு மோட்டார் சைக்கிளில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவதால், 'மோட்டார் அம்மா' என்றும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பயணங்களைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

அரிசி மில்லில் வேலை பார்க்கும் அவருடைய கணவரின் பெயர் அண்ணாமலை. கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதில் நம் அம்மாக்கள் எல்லாரும் உறுதிதான். ஆனால் அவர்கள் யாருக்கும் அதனால் ஊரின் பெயரும் மலையின் பெயரும் சாமியின் பெயரும் சேர்ந்து பறிபோகவில்லை. இவரோ விழுப்புரத்தில் பஸ் ஏறினால், "தீபம் ஏத்தற ஊருக்கு ஒண்ணு குடுப்பா" என்பாராம். "எல்லா ஊர்லயும்தாம்மா வெளக்கு ஏத்தறாங்க, பேரச் சொல்லு" என்பானாம் கண்டக்டர். கார்த்திகை தீபத்தன்று ஊரே "அண்ணாமலையாருக்கு" என்று தொடங்கும்போது வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பார். "அரோகரா" வரும்போது மட்டும் சேர்ந்துகொள்வார். பக்கத்தில் நின்று நான் பார்த்திருக்கிறேன். சாமியை அவர் "மலையப்பா" என்பார். கணவரை "இந்தாங்க" என்பார்; எங்களிடம் அவரைப் பற்றிப் பேசும்போது "மாமா" என்பார்.

அந்தப் பயணங்களில் அவர்கள் லாட்ஜில் தங்காததற்கும் அந்தப் பெயர்தான் காரணம். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கியபடியே ஒருநாள் அதைச் சொன்னார். "கல்யாணம் ஆன புதுசு. திருப்பத்தூர்ல ஒரு லாட்ஜு. மாமா வண்டிய நிறுத்தப் போயிட்டாரு. கவுண்ட்டர்ல இருந்தவன், கூட வந்தவரு பேரு இன்னான்னு கேக்கறான். நான் சொல்வனா? நம்ம மலையாட்டம் கையக் குவிச்சிக் காட்டறேன். அவன் மேலயும் கீழயும் பாக்கறான். 'பேரு கூடத் தெரியாதவனோட வந்துருக்கியே, எந்த ஊருப் பொண்ணும்மா நீ?'ன்னான். ஊரு பேரையும் சொல்ல முடியல பாப்பா!" சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்காமல் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போன ஜோடி என்று நினைத்து அறை தர மறுத்துவிட்டார்களாம். அன்று இரவு ரோட்டோரப் புளியமரத்தடியில் படுத்தவர்கள், அதன் பிறகு எந்தப் பயணத்திலும் கூரையைத் தேடவில்லை.

அப்படி ரோட்டோரம் படுப்பதை அவர் 'ஒதுங்கறது' என்பார். "லீவுல ஊத்தங்கரை ரோட்டுல ஒதுங்கனோம்" என்று அவர் முதல் தடவை சத்தமாகச் சொன்னபோது, பேப்பருக்குப் பின்னாலிருந்து தபால்காரப் பெரியவரின் தலை எழுந்தது. "ஏம்மா, அதையெல்லாமா பொம்பளப் புள்ளைங்ககிட்ட சொல்லுவாங்க?" என்றார். "அந்த ஒதுங்கல் இல்ல பெரியவரே, ராத்திரி ஒதுங்கல்" என்று அம்மா விளக்கியதும் அது இன்னும் மோசமாகிவிட்டது.

ஒதுங்குவதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. கடைசி டீக்கடையிலேயே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். படுக்கும் இடத்தில் தீயும் கூடாது, பேச்சும் கூடாது. ரோட்டை விட்டு இறங்கும் முன்பே விளக்கையும் இன்ஜினையும் அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். லாரி வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் இருக்க வண்டிமேல் கோணி போட வேண்டும். "ஒரு ராத்திரி ஒதுங்கிக்கறோம்" என்று அந்த இடத்திடம் கேட்டுவிட்டுத்தான் தார்ப்பாயை விரிப்பார்களாம். விடிவதற்கு முன் கிளம்பும்போது, அம்மா ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து, ரோட்டிலிருந்து உள்ளே வந்த டயர் தடத்தைப் பின்பக்கமாக நடந்தபடியே கூட்டிவிடுவார். "நாம வந்ததும் தெரியக்கூடாது, போனதும் தெரியக்கூடாது" என்பார். கூட்டுவது எப்போதும் அவர் வேலை. மாமா கூட்டினால் தடம் தெரியும் என்பது அவர் புகார்.

செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் நடந்ததை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார்.

"நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். மாமாவும் முழிச்சிட்டுதான் இருந்தாரு. தோப்புக்குள்ளருந்து ஒரு குரல் மாமா பேரச் சொல்லிக் கூப்பிட்டுது, பாப்பா. ஒரே ஒரு தடவ. ஒடம்பு முடியாதவ, தண்ணி தவிச்சு கூப்பிடறாப்ல. கடைசில ஒரு இழுப்பு." கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். "அது என் குரலு."

நான் மெல்ல, "நீங்கதான் கனவுல கூப்பிட்டீங்களோ?" என்றேன்.

"நான் வாயப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். அவரு திரும்பி என்னப் பாக்கறாரு, எங் கையப் பாக்கறாரு. பதில் சொல்லாதீங்கன்னு தலைய ஆட்டனேன். ரெண்டு பேரும் விடியற வரைக்கும் அசையல."

வெளிச்சம் வந்ததும் எழுந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வண்டி வந்த தடத்தைக் காணவில்லை. யாரோ ஏற்கெனவே கூட்டியிருந்தார்கள். அம்மாவின் கூட்டலைப் போலவே, ஒரே வாக்கில், ரோடு வரைக்கும்.

அன்று வண்டியில் ஏறும் முன் அவர் கணவரிடம் ஒன்று சொல்லி வைத்தார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "எங்க ஒதுங்கனாலும் சரி, எங் குரல்ல யாராச்சும் உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஏன்னு கேக்காதீங்க. நான் பேரு சொல்ல மாட்டேன். பேரச் சொன்னா அது நான் இல்ல."

கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன நான் மறுநாள் திரும்பவும் வந்து, "உங்களுக்கு மாமா பேரச் சொல்லணும்னு ஆசையே வந்ததில்லையா?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் என்னை அதட்டியிருப்பார்கள். அம்மா முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னார்: "வராம இன்னா? ஊரே சொல்லுது, நான் மட்டும் முழுங்கறேன். ஒரு நாளு வாய் நிறையக் கூப்பிட்டுப் பாக்கணும்னு இருக்கு. ஆனா இப்பக் கூப்பிட்டா அவரு திரும்பிப் பாக்க மாட்டாரே. நானே கெடுத்துக்கினேன்."

பிறகு அவருக்கு வயிற்றில் நோய் வந்தது. நூலகத்தைத் தற்காலிகமாக வேறொருவர் பார்த்துக்கொள்ள, அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்துதான் அந்தத் தந்தி வந்தது.

முத்திரையில் இருந்த தேதி வந்த அன்றுதான் நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நூலகத்தில் அந்தத் தற்காலிக ஆளே இருந்தார். வெளியே அண்ணாமலை மாமா தன் வண்டிக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டில் வைத்திருந்த இன்னொரு நூலகச் சாவியைக் கொடுக்க வந்தவர், கொடுத்த பிறகும் போகவில்லை. என்னைப் பார்த்ததும், "வாம்மா, உன்னப் பத்தி தெனம் சொல்லுவா" என்றார். முகம் சவரம் செய்யப்படாமல் நரைத்திருந்தது. அவராகவே பேசினார்.

"கடைசி நாளு நான் கட்டிலு காலாண்ட நின்னுட்டிருந்தேன். கண்ணத் தொறந்தா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா." அவர் தன் பெயரைச் சொல்லவில்லை, மலைப் பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு ஒடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. புளியந்தோப்புல கேட்டுதே, அதே குரலு. அதே தண்ணித் தவிப்பு. அதே இழுப்பு. எத்தினி வருஷம் ஆனாலும் அது எனக்கு மறக்குமா? அன்னிக்கி வாய மூடினாப்லயே மூடிக்கினேன்மா. அவளே சொல்லி வச்சதுதானே, பேரச் சொன்னா நான் இல்லன்னு. அதுக்குள்ள அவ அக்கா, 'பாரு, சாமி பேரு வாயில வருது'ன்னு அழுவ ஆரம்பிச்சிட்டா. எல்லாரும் அரோகரா போட்டாங்க. அந்தச் சத்தத்துல உசுரு போயிடுச்சு."

வண்டியின் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "சாமியக் கூப்பிட்டாளா, என்னக் கூப்பிட்டாளா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். கண்ண மூட முடியல."

எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னால், மாமா பதில் சொல்லாமல் நின்றது அம்மாவுக்குத்தான் என்பது உறுதியாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி அவரைத் தூங்கவே விடாது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னிடம் எதையும் மறைத்துப் பேசியதில்லை என்பதுதான் அப்போது நினைவுக்கு வந்தது. அம்மா சாமியை மலையப்பா என்றுதான் கூப்பிடுவார் என்றேன். முத்திரை குத்திக்கொண்டே அவர் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வாய் நிறையக் கூப்பிட ஆசை என்றதையும், நானே கெடுத்துக்கொண்டேன் என்றதையும் சொன்னேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. பக்கத்தில் யாரோ நிற்பது போல முகத்தைத் திருப்பி, சாதாரணக் குரலில், "இன்னா கமலா? இங்கதான் இருக்கேன்" என்றார். அந்த இடத்தில் நானும் வண்டியும் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனாலும் நான் ஓரடி தள்ளி நின்றேன், வழியை மறைக்கக் கூடாது என்பது போல.

அன்று சாயங்காலமே அவர் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு செங்கம் ரோட்டில் போனதை என் அப்பா பார்த்திருக்கிறார். "தனியா எங்க கெளம்பிட்டாரு இவரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். திரும்பி வருவாரா என்பதுதான் தெரியவில்லை. நான்தானே அதைச் சொன்னேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது மில்லைச் சுற்றிக்கொண்டு போனேன். வாசலில் அவர் வண்டி நின்றது. டயரில் செம்மண் ஒட்டியிருந்தது. மாமா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து வெளியே வந்தார். முகம் கழுவிச் சவரம் செய்திருந்தார்.

"கூப்பிட்டாங்களா மாமா?" என்றேன்.

"இல்லம்மா. போனதும் நான்தான் பதில் சொன்னேன். அப்புறம் நல்லாத் தூங்கிட்டேன். வெயிலு மூஞ்சில அடிச்சப்புறம்தான் முழிப்பே வந்துது." கொஞ்சம் தயங்கினார். உள்ளே யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினார். "வேப்பங்கொத்து ஒடிக்கலாம்னு போனேன். ரோடு வரைக்கும் கூட்டியிருந்துது."

சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போனவரின் நடையில் சுமை குறைந்திருந்தது.

கமலவேணி அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், சட்டென்று பதில் கொடுக்கக் கூடாது என்று என் அம்மா சொல்லுவாள். மூன்று தடவை கூப்பிடட்டும் என்பாள். நான் இப்போது முதல் குரலுக்கே பதில் சொல்கிறேன். போன வாரம் அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருவில், "பாப்பாஆ" என்று கேட்டது. என் அம்மா கையைப் பிடித்துத் தடுப்பதற்குள், "இதோ வரேன்மா" என்று சொல்லிவிட்டேன். வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. பரவாயில்லை, பதில் சொல்லியாகிவிட்டது.