கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்

தம்பிக்குக் கால் முறிந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா நினைவில்லாமல் கிடந்தார். அவர் வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பார். ஒல்லியான ஆள், நூல் கட்டிய கண்ணாடி. கொலைக் கதை என்றால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்.

"முடிவு தெரிஞ்சிட்டா அப்புறம் இன்னாத்துக்குப் படிக்கிறது?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சாத்தாண்ணா பயமில்லாம படிக்கலாம். இந்த மாயாஜாலக் கதைங்கதான் சுத்தப் பேத்தல். செத்தவன் வாயில பச்சிலையப் பிழிஞ்சா, எழுந்து குந்திக்கினு சோறு கேக்கறான்!"

இருவரும் சிரித்தோம்.

மறுநாள் டாக்டர் வந்து அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். வீட்டுக்காரர் புத்தகங்களைப் பையில் போட்டுக் கட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏண்ணா, நீங்க வெள்ளிமலைதானே? உங்க மலையில அந்த மாதிரி பச்சிலை எதனா இருக்குதா?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சாமை விதைக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது என்றேன். தலையாட்டினார். ஆனாலும் நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் மலையில் பேர் தெரியாத செடியைக் கண்டால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.