வடக்கே ஓடுகிற ஆற்றின் பெயர்

தமிழில் வருகிற ருஷ்யப் பத்திரிகையைத் தொடுவதற்கு முன் குருசாமி கை கழுவுகிற அழகே தனி. முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல் விரலாக கிரீஸைத் துடைப்பார். அப்புறம் சவுக்காரம். அப்புறம் நகக்கண்ணுக்குள் சைக்கிள் கம்பி நுனி. கடைசியில் உள்ளங்கையை மோந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் மறுபடி சவுக்காரம். அதற்குள் பங்க்சர் ஒட்ட வந்தவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருப்பான்.

அல்லிநகரத்தில் அவருக்கு வாடகை சைக்கிள் கடை. மதுரையைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் சைபீரியக் காட்டுக்குள் ஓடும் லேனா ஆறு, அந்தப் பத்திரிகையில் படித்துப் படித்து, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் மாதிரி மனப்பாடம். பைகால் ஏரிப் பக்கத்து மலையில் பிறக்கிறது. பாதி வருஷத்துக்கு மேல் உறைந்து கிடக்கிறது. அப்போது அதன்மேல் லாரி ஓடுகிறது. வெயில் வந்தால் தெற்கே முதலில் உருகும், வடக்கே உருகாது, தண்ணீர் போக வழியில்லாமல் வெள்ளம் கரையேறிவிடும்.

"கல்யாண மண்டபத்துல முன்வாசல் வழியா ஆளு வந்துக்கிட்டே இருக்கு, பின்வாசல் பூட்டிக் கெடக்கு. அப்படி வச்சுக்கங்க" என்று காற்றடிக்க வந்தவர்களுக்கு விளக்குவார்.

எழுபத்து நாலில் பெண் குழந்தை பிறந்தது. லேனா என்றுதான் பெயர் என்றார். சேதி கேட்டு ஜெயமங்கலத்திலிருந்து மாமியார் மொக்கம்மாள் வந்து இறங்கினாள். அவளுக்குக் குலசாமி பேச்சியம்மன் பெயர் வேண்டும். மருமகனிடம் நேராகப் பேசுவது மரியாதை இல்லையென்பதால், அவரை எதிரில் வைத்துக்கொண்டே மகள் பஞ்சம்மாளிடம் கேட்டாள்.

"ஏண்டி, ஒன் வீட்டுக்காரக சொல்ற ஆறு ஐஸாக் கெடக்குமாமே? பச்சப்புள்ளைக்குச் சளி பிடிக்காதா?"

"பேருக்கும் சளிக்கும் என்ன அத்தே சம்பந்தம்?" என்றார் குருசாமி.

"எந்தத் திக்கப் பாத்து ஓடுதாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். பூகோளத்தில் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "வடக்க."

"ஆத்தாடி! வடக்க தலைவச்சுப் படுக்கவே கூடாதும்போம், ஆறே வடக்க போகுதாம்ல!"

"நம்ம முல்லையாறும் கம்பத்துலருந்து வடக்கதான வருது?"

"அதான் யாருக்கும் அந்தப் பேர வைக்கல."

"ரெண்டு பேரும் என்னய வச்சு டெலிபோன் பேசாதீக" என்றாள் பஞ்சம்மாள்.

பெயர் வைக்க நாள் பார்க்க வந்த பூசாரி அம்மாவாசி, காசிக்குப் போய் வந்தவர். விவகாரத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வடக்கயா ஓடுது? கங்கையே காசியிலதான் வடக்க பாத்துத் திரும்புது. அதுக்கே அம்புட்டுப் புண்ணியம். இது போற வழி பூராவும் வடக்கன்னா, பூராவும் காசிதான்!"

மொக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி இல்லை என்று கட்சிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டுகிற குருசாமி, சைபீரியாவில் புண்ணிய தீர்த்தம் இருப்பதை மகள் பெயருக்காக ஒத்துக்கொண்டார். பத்திரிகையில் இருந்த ஆற்றுப் படத்துக்கு மாமியார் குங்குமம் வைத்தபோதுதான் முகம் கோணியது.

பெயர் சூட்டுகிற அன்றைக்கும் கடையில் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் ஓடி வந்து கை கழுவ உட்கார்ந்தார். மண்ணெண்ணெய், சவுக்காரம், கம்பி நுனி, மோப்பம். பிறகு குழந்தையை வாங்கி, காதோரம் குனிந்து மூன்று தரம் சொன்னார்: "லேனா, லேனா, லேனா." மாமியார் சண்டை போடாமல் சிரித்துக்கொண்டே பஸ் ஏறியதும், ஜெயித்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொன்னார்.

மொக்கம்மாள் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் பஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு நீங்க கை கழுவி முடிக்கிறதுக்குள்ள, எங்காத்தா புள்ள காதுல பேச்சின்னு மூணு தடவ சொல்லிருச்சு. நீங்க ரெண்டாந்தடவையும் சவுக்காரம் போட்டீகளா, இன்னொரு மூணு சொல்லிக்கிருச்சு."