தாடியில் உப்பு

என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது சும்மா இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஈக்காட்டுத்தாங்கலில் பம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தாமிரபரணியில் இந்தக் கரையில் குதித்தால் அந்தக் கரையில்தான் தலை தூக்குவேன் என்று அளந்துகொண்டிருந்தேன். பாதி உண்மை, பாதி அளப்பு. பக்கத்து மேஜையில் மானேஜர் மோர் குடித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர்களுடைய கம்பெனியோடு கூட்டுச் சேர முதலாளி தலைகீழாக நின்றுகொண்டிருந்த நேரம். கோயிலைக் காட்டியாயிற்று, தி. நகர் பட்டுக்கடையைக் காட்டியாயிற்று. மனுஷன் எதற்கும் அசையவில்லை. பெட்டியில் கண்ணாடி முகமூடியும் மூச்சுவிடும் ரப்பர் குழாயும் கொண்டுவந்திருந்தார். கடலுக்கடியில் மீன் பார்க்க வேண்டுமாம். முதலாளி உடனே காசிமேட்டில் ஒரு மீன்பிடி விசைப்படகை ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்குப் பேசிவிட்டார். பினாயில் ஊற்றிக் கழுவி, கலர்க் காகிதத் தோரணம் கட்டி, எட்டு மடக்கு நாற்காலி போட்டு, கல்யாண வீடு மாதிரி ஆக்கிவிட்டார்கள். கோவளம் வரை போய், அங்கே பாறை ஓரமாக நங்கூரம் போட்டு, வெள்ளைக்காரரைத் தண்ணீரில் இறக்குவது திட்டம். அவர் தனியாக இறங்க மாட்டாராம். கூட நீச்சல் தெரிந்த ஒருவர் வர வேண்டுமாம். மானேஜரின் விரல் நேராக என்னைக் காட்டியது.

மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. சின்னக் காரணம் இல்லை. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவைதான் பிள்ளை தங்கியிருந்தது. மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. நாலு மாதத் தாடியோடு நான் பஸ்ஸில் ஏறினால் சாமியார் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தவர்கள்கூட உண்டு. திருநெல்வேலியிலிருந்து அம்மா போடும் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: கடலில் கால்கூட நனைக்காதே. வளைகாப்புக்கு வளையல் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை காலை ரயிலில் வருவதாகவும் எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை மானேஜரிடம் போய் நின்றேன். மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் எப்போதும் பளிச்சென்று விபூதி.

"சார், வீட்ல மாசமா இருக்காங்க. நான் கடல்ல குளிக்கக் கூடாது."

"குளிக்கத்தானேய்யா கூடாது? உம்மை யார் குளிக்கச் சொன்னா? குழாயை வாயில வெச்சுண்டு மேலாகவே மிதக்கப்போறீர். உச்சந்தலை நனையலேன்னா அது ஸ்நானமே இல்லை. சாஸ்திரம் தெரியாம பேசப்படாது."

உச்சந்தலை நனையாவிட்டால் ஸ்நானம் இல்லை. அட, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, அதனால் நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்கும் அந்த முகமூடியைப் போட்டுப் பார்க்க ஆசை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஒற்றை அறைக் குடித்தனத்தில், மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு காபி போட்டாள்.

"லேசாக் கடுக்குதுங்க. சரியாத் தூங்கல, அதான். நீங்க போயிட்டு வாங்க. தண்ணியில மட்டும் எறங்கிராதீங்க."

"படகுல உக்காந்து மீன் பாத்துட்டு வரப்போறேன். எறங்க எனக்கென்ன கிறுக்கா?" என்றேன்.

படகு கோவளத்துக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. வழியெல்லாம் டிரான்சிஸ்டர் பாட்டு, புளியோதரை, வெள்ளைக்காரருக்கென்று ஐஸ் பெட்டியில் பாட்டில்கள். மாசி மாதம், கடல் தூங்குகிற மாதிரி இருந்தது. எனக்கு மீசை அடர்த்தியாக இருந்ததால் முகமூடி ஒட்டாமல் தண்ணீர் உள்ளே வந்தது. வெள்ளைக்காரர் தம் பையிலிருந்து வாஸலின் டப்பாவை எடுத்து என் மீசையில் வெண்ணெய் மாதிரி அப்பினார். படகில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் ஒழுங்காகத்தான் மிதந்தேன். முகம் தண்ணீருக்குள், பின்னந்தலை வெயிலில். படகின் மேலிருந்து மானேஜர், "பேஷ், பேஷ், அப்படியே இரும்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே பச்சைப் பாசி படிந்த பாறை. அதன் இடுக்கில் மஞ்சள் வரி போட்ட மீன்கள் ஒரு பத்து இருபது, நம்மைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. வெள்ளைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனார். போய், பாறையைப் பிடித்துக்கொண்டு, வா என்று கையைக் காட்டினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், என்னை யாரும் தள்ளவில்லை. நானாகத்தான் முங்கினேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. பாறைக்கு அடியில் போய்ப் பார்த்தேன், ஒரு மீன் என் விரலை வந்து முட்டிவிட்டுப் போனது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை, சாஸ்திரமும் இல்லை.

நாலாவது தடவை மேலே வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கியது. கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. படகைப் பார்த்தேன். மானேஜர் என் தலையைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரிடமோ ஊறுகாய் கேட்டார். ஏறியதும் முதலாளியின் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று.

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் படகில் இருப்புக் கொள்ளவில்லை. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. சாப்பிட்டு, பாடி, சீட்டு விளையாடி, இரண்டு மணிக்குத்தான் நங்கூரத்தை எடுத்தார்கள். நாலரை மணிக்கு அடையாறு ஆற்று முகத்துக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு மைல் தூரத்தில், இன்ஜின் இருமியது, நின்றது.

படகுக்காரர் இன்ஜின் அறைக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார், மறுபடியும் விட்டார். "டீசல்ல தண்ணி பூந்துக்கினு கீது. வேற படகு வந்தா கட்டி இஸ்துகினு போவலாம். இல்லாங்காட்டி இங்கதான்" என்றார்.

சாந்தோம் கோபுரம் வெள்ளையாகத் தெரிந்தது. அங்கிருந்து மாம்பலத்துக்கு நடந்தே போய்விடலாம். பார்க்கலாம், போக முடியாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. நான் போயாக வேண்டும், நான் போயாக வேண்டும் என்று படகுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தாடியைப் பார்த்தார், விறைத்துக் காய்ந்த தலைமயிரைப் பார்த்தார்.

"வூட்ல முழுகாம கீறாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"அப்பால இன்னாத்துக்கு நைனா தண்ணில எறங்குனே? எங்களுக்குத் தொழிலு, வேற வயி இல்ல. உனுக்கு இன்னா வந்துச்சி?"

முதலாளியைப் பார்த்தேன், அவர் வெள்ளைக்காரரிடம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நீந்தியே போய்விடலாம் என்று சட்டையைக் கழற்றினேன். நனைந்தபின் முக்காடு எதற்கு என்று ஆகிவிட்டது எனக்கு. படகுக்காரர்தான் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்து உட்காரவைத்தார். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன். மொட்டை போடுகிறேன் என்றேன், தீ மிதிக்கிறேன் என்றேன், இனிமேல் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேன். வெயில் தாழ்ந்தபோது ஊரூர்க் குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டுமரத்தைப் படகுக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். அதில் ஏறி, அலையில் புரண்டு, கரையில் விழுந்து எழுந்து ஓடினேன். அடையாறிலிருந்து சைதாப்பேட்டைக்கு பஸ், அங்கிருந்து மாம்பலத்துக்கு ரயில்.

வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "பதினொரு மணிக்கு வலி எடுத்துருச்சு தம்பி. ரிக்‌ஷா வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போங்க, சீக்கிரம் போங்க" என்றாள். பதினொரு மணி என்பது மட்டும் காதில் நின்றது.

ஆண் பிள்ளை. மூன்று மணி நேரம் இருந்ததாம். நான் போவதற்கு முன்பே எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள். நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய வார்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். நான் தரையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை பொங்கியது. அவள் அழவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானை நுனியைத் தம்ளர் தண்ணீரில் நனைத்து, என் மீசையையும் தாடியையும் நிதானமாக, மயிர்க்கால் மயிர்க்காலாகத் துடைத்துவிட்டாள். பிள்ளை போன துக்கத்தில் புருஷனையே பிள்ளையாக நினைத்துக்கொண்டாள்போல என்று நினைத்தேன். அப்படி நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் காலை அம்மா எழும்பூரில் இறங்கி வீட்டுக்குப் போய், பக்கத்துக் குடித்தனத்தில் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் வளையல் பெட்டி. கட்டில் பக்கத்தில் நின்றபடியே என் பக்கம் திரும்பினாள்.

"எய்யா, எப்படிய்யா ஆச்சு? நீ எங்கயும் போனியா? கடல் கிடல்னு..."

நான் வளையல் பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"அவங்க எங்கயும் போகல, அத்தை. ஆபீஸ் வேலையா இருந்தாங்க. நாந்தான் தெருக்குழாயில ஒரு குடம் தண்ணி பிடிச்சுத் தூக்கிட்டு வந்துட்டேன்."

அம்மா வளையல் பெட்டியைக் கீழே வைத்தாள். "ஏட்டி, ஏழாம் மாசத்துல குடம் தூக்குனியா?" என்றாள். அவ்வளவுதான் அன்றைக்குச் சொன்னாள். பிறகு எட்டு வருஷம் சொன்னாள்.

அம்மா எங்களோடேயே தங்கிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்துப் பெண் பிறந்தாள். அப்போதும் தாடி வளர்த்தேன், மெரினா வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறவில்லை. பெண் பிறந்தும் அம்மாவின் வாய் அடங்கவில்லை. குழம்பில் உப்புக் கூடினால் குடம் வரும். பால் பொங்கிவிட்டால் குடம் வரும். அண்டை அயலாரிடம், "குடத்தைத் தூக்கி எம்பேரனைத் தொலைச்ச புண்ணியவதி இவதான்" என்று அறிமுகமே செய்துவைப்பாள். மனைவி அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள். நான் பேப்பரைப் புரட்டுவேன். சில நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெற்றிலை வாங்கப் போய்விடுவேன். ஆபீஸில் ஊர்க்கதை அளக்கும் வாய்தான் அது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் குடம் தூக்கியிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. பாவத்தில் பாதி அவளுக்கும் உண்டு என்று ராத்திரியில் கணக்குப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்து, பெண் நச்சரித்தாள் என்று எலியட்ஸ் பீச்சுக்குப் போனோம். பெண் அலையில் கால் நனைக்க ஓடினாள். நான் மணலில் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ஒரு விசைப்படகு போனது. எனக்குத் தாங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகமூடி, வாஸலின், மஞ்சள் மீன், நாலு தடவை முங்கினது, எல்லாம்.

அவள் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப உங்க தாடியெல்லாம் உப்புப் பூத்துக் கெடந்துச்சு. மீசையில பிசுபிசுன்னு எண்ணெய், அதுல மணல். அத்தை கண்ணுல பட்டா அவ்வளவுதான்னுதான் தொடச்சு விட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அப்ப குடம்?"

"என்ன குடம்? அன்னிக்குக் காலையில இருந்து குழாயில தண்ணியே வரலைங்க."

பெண் தூரத்திலிருந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

"எட்டு வருஷம் ஏச்சு வாங்குனியே" என்றேன்.

"என்னிக்காவது ஒரு நாள் நீங்களா அத்தைகிட்டச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். புடவையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அவங்க போனப்புறம் என்கிட்டச் சொல்றீங்க."