கல்தலையின் பாதி அடி

என் மூக்கு கோணலாக இருப்பதற்கு, நாங்கள் கல்தலை என்று பட்டப்பெயர் வைத்த கூட்டாளிதான் காரணம். இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. எங்கள் குத்துச்சண்டைக் கூடத்தில் பயிற்சி மோதலுக்கு முன் "பாதி" என்று பேசிக்கொண்டால், பாதி பலத்தோடுதான் குத்த வேண்டும். அவனும் "பாதி" என்று தலையாட்டுவான். மணி அடித்ததும் முழு பலத்தையும் என் முகத்தில் இறக்குவான். கேட்டால், "அடி வாங்கினாத்தான்டா உடம்பு உரமேறும், பஞ்சு மூட்டை" என்பான். தலைக்கவசத்தைக் கையால்கூடத் தொட மாட்டான்.

பெரிய வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் கூடத்திலேயே உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டு போட்டிக்குப் போவான். முதல் சுற்றிலேயே மல்லாந்துவிடுவான். தலையில் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்து இப்போது அவனுக்கு நாக்கு குழறுகிறது, கை நடுங்குகிறது.

இன்று அந்தக் கூடத்தில் நான்தான் பயிற்சியாளர். போன வாரம் மகளைச் சேர்க்க வந்தான்.

"என்ன கல்தலை, உன் பொண்ணுக்கும் உடம்பு உரமேறணுமா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாத மாப்ள. வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா."

மகளின் தலைக்கவச வாரை மாட்டப் பார்த்தான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"நீயே இறுக்கிக் கட்டு. அவகூட மோதுறவங்ககிட்ட பாதின்னு சொல்லு. நெஜமாவே பாதி."