கொற்கை வயலில் ஒரு வடலி

எங்கள் பேருந்து கொற்கையைத் தாண்டியதும் டயர் வெடித்து நிற்கிறது. நிழலுக்காக வயலோரப் பனையடியில் ஒதுங்குகிறேன். அங்கே வயதான அம்மாள் ஒருவர் குடத்தைச் சாய்த்துப் பனைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பனைக்குப் போய் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வரப்பில் நிற்கும் அவருடைய அண்ணன் கேட்டுவிடுகிறார். "ஏளா, ஊருலயே பனைக்குத் தண்ணி ஊத்துத ஆளு நீ ஒருத்திதான்."

"மண்ணு ஒனக்கு, மரம் எனக்குன்னு அப்பா எழுதி வச்சிட்டாவ. மரம் பட்டுப்போனா இங்கன வர எனக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

தண்ணீர் ஓடும் திசையில் முழங்கால் உயரத்தில் ஒரு வடலி, பனையின் இளங்கன்று, நிற்கிறது. பெரியவரும் அதை இப்போதுதான் பார்க்கிறார்.

"இது எம் மண்ணுல மொளச்சது. எனக்குத்தான்!"

"எம் மரத்துப் பழம் விழுந்து மொளச்சது. எனக்குத்தான்!"

இருவரும் என் பக்கம் திரும்புகிறார்கள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

அது காய்க்கவே பதினைந்து வருடம் ஆகும். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். டயரைப் பார்க்கப் போவதுபோல நழுவுகிறேன்.

பேருந்து கிளம்பும்போது எட்டிப் பார்க்கிறேன். அம்மாள் போய்விட்டார். பெரியவர் வடலியைச் சுற்றி முள் நட்டுக்கொண்டிருக்கிறார்.

"தங்கச்சி உங்களுக்கே விட்டுக் கொடுத்துட்டாங்களா?" பேருந்து நகர்கிற தைரியத்தில் கேட்கிறேன்.

"யாரு விட்டுக்குடுத்தா? இத ஆடு தின்னுட்டா, அவ எதுக்கு இங்கன சண்டைக்கு வருவா?"