சொன்ன விலைக்கு வாங்காதவர்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடைவீதியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மதைப் பற்றிப் பேசுவதென்றால் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மனுஷர் பிறந்ததிலிருந்து எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. கறிக்கடையோ, காய்கறிச் சந்தையோ, வடக்கேயிருந்து வரும் ஸ்வெட்டர் மூட்டையோ, எதுவானாலும் சரி. பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ரெண்டாப் புடுங்குனா என்ன கொறைப்பீங்க டாக்டர்?" என்று கேட்டவர். இத்தனைக்கும் கெட்டு நின்றது ஒரே ஒரு பல்தான்!

பேரம் அவர் கல்யாணத்திலேயே புகுந்துவிட்டது. பண்ணைக்காட்டில் ரபியாவைப் பேசி முடிக்கப் போன அன்று மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹராகப் பெண் வீட்டார் மூன்று பவுன் கேட்டார்கள். பெரியவர்கள் தலையாட்டப் போகிற நேரத்தில் மாப்பிள்ளையே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டரையா முடிச்சுக்கலாமே" என்றார். மாப்பிள்ளையே வாயைத் திறந்த அதிர்ச்சியில் அவர்களும் சரியென்றுவிட்டார்கள். உள்ளறையில் இருந்த ரபியாவின் காதில் அது விழுந்தது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், "என்னயவே கொறைச்சுக் கேட்டு வாங்குன ஆளுதானே நீங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொல்லாமல் விட்டதில்லை.

அதே ரபியாதான், அவர் சாயங்காலம் பையோடு வீட்டுக்குள் நுழைந்தால், "எத்தனைக்கு முடிச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்பாள். கடைக்காரர் சொன்ன விலை, தான் கேட்ட விலை, முடித்த விலை என்று அவர் நடித்துக் காட்ட வேண்டும். அது இல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்காது.

விற்பதில் அவருக்கு வேறொரு வித்தை இருந்தது. சுற்றுலா வந்தவர் யாராவது சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு மனசு வராமல் நின்றால் பிச்சை முகம்மது லேசாக இருமுவார். பக்கத்துத் தைலக் கடைப் பொன்னுச்சாமி உடனே எட்டிப் பார்ப்பார். "என்ன பாய், இந்தச் சால்வைய எனக்கு எடுத்து வைக்கச் சொன்னேன்ல?" அவ்வளவுதான். யோசித்துக்கொண்டிருந்தவர் பர்ஸைத் திறந்துவிடுவார். "அடுத்தவன் கை நீட்டுனாத்தான் சரக்குக்கு மதிப்பு பொன்னு. கேப்பாரில்லாம கெடந்தா அதுல ஏதோ கோளாறுன்னு நெனப்பான்" என்று பிச்சை முகம்மது விளக்கம் வேறு சொல்வார்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் ரபியாவின் நுரையீரல் கெட்டது. நாயுடுபுரத்துச் சரிவில் இருந்த அந்த வீட்டுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். இறங்கினவள் பிறகு ஏறவே இல்லை. கட்டில், ஜன்னல், கட்டில் என்று அவள் உலகம் சுருங்கிவிட்டது. மூச்சு முட்டினால் மூலையில் நிற்கும் சிலிண்டரைத் திறந்துகொள்ள வேண்டும். அது தீர்ந்தால் மலை இறங்கிப் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். திண்டுக்கல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "மார்கழிக் குளிருக்கு முன்னால வீட்ல ஒரு ஆக்சிஜன் மெஷின் வையுங்க. இல்லைன்னா அவங்கள மலையை விட்டு இறக்கிருங்க."

இறக்குவதென்றால் பழனியில் மகள் மஹ்ஜபின் வீடு. அதை நினைத்தாலே ரபியாவுக்கு உடம்பு கூசியது. "சம்பந்தி வீட்டுல போயி எத்தன நாளு படுத்துக் கெடப்பேன்? அதுக்கு என்னைய மையவாடிக் குழிக்கே தூக்கிட்டுப் போயிருங்க."

பிச்சை முகம்மதுக்கும் அவளை அனுப்ப மனசில்லை. அவள் இல்லாத வீட்டுக்கு அந்தப் படியில் இறங்கி என்ன செய்ய?

அம்மாவைப் பார்க்க வந்திருந்த மஹ்ஜபின்தான் அவர் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். மூடிப்போன ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் ஆக்சிஜன் மெஷின்களைக் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் இணையத்தில் ஏலத்துக்குப் போட்டிருந்தார். புதுசென்றால் எழுபதாயிரத்துக்கு மேல்.

"அத்தா, இருபத்தெட்டாயிரம் போட்டிருக்காங்க. இந்தப் பட்டனை அமுக்குனா இப்பவே நம்மளுது. இல்லைன்னா ஏலத்துல கேக்கலாம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடியுது. பேசாம அமுக்கிருவோமா?"

"அவன் சொன்னதும் அமுக்கிருவியா? நீ யாரு மக? பதினெட்டுன்னு போடு."

"அத்தா, இது கடை இல்லத்தா. ஆளில்லாம யாருகிட்டப் பேரம் பேசுறது?"

"போடும்மா, பாத்துக்கலாம்."

போட்டாள். அந்தக் கணமே பட்டன் காணாமல் போனது. யாராவது ஒருத்தர் ஏலத்தில் கேட்டுவிட்டால் உடனே வாங்கும் விலை எடுபட்டுப் போகுமென்று கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். "போச்சு!" என்று தலையில் கை வைத்தவள், கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள். அதே வியாபாரி அதே கம்பெனி மெஷின் இன்னொன்றும் போட்டிருந்தார். அதே வயசு, அதே இருபத்தெட்டாயிரம், பட்டன் அப்படியே இருந்தது.

"அதை எவனாச்சும் கேட்டுருக்கானா?" என்றார் பிச்சை முகம்மது.

"இல்லத்தா."

"அப்ப அதுல ஏதோ கோளாறு இருக்கு."

வியாழக்கிழமை யாரோ ஒருத்தர் இருபதாயிரம் கேட்டிருந்தார். பெயர் தெரியாது. 'செ' என்று ஓர் எழுத்து, மற்றதெல்லாம் நட்சத்திரம். பழனிக்குத் திரும்பிவிட்ட மஹ்ஜபின் வெள்ளனே கூப்பிட்டாள். "அத்தா, நல்லதாப் போச்சு. நம்ம கேள்வி அடிபட்டுருச்சு, இனி அது நம்ம தலையில விழுகாது. வெரசா அந்த இன்னொண்ணை அமுக்கிருங்க."

தப்பிக்கக் கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. போக வேண்டியதுதானே? போகவில்லையே மனுஷர்! 'செ' ஒருத்தன் கேட்டுவிட்டான் என்றதும் அவருக்கு அந்த முதல் மெஷின் தங்கமாகத் தெரிந்தது. இருபத்தொன்று போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்கு வந்தவர், போனை ஸ்வெட்டர் அடுக்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னுச்சாமி தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். 'செ' இருபத்தைந்து என்றது. இவர் இருபத்தாறு என்றார். அது இருபத்தெட்டைத் தொட்டபோது பொன்னுச்சாமி, "பாய், இதுக்கு மேல போனா அந்தப் பட்டன் வெலைய விடக் கூடல்ல?" என்றார்.

"தெரியும்லே."

"ஒருவேளை யாவாரியே ஆள் விட்டு ஏத்துறானோ? சால்வைக்கு நாம பண்ணுன மாதிரி?"

"அதுவும் தெரியும். நீ சும்மா நில்லு."

தெரிந்து என்ன பிரயோஜனம்? கை கேட்கவில்லை. முப்பது தாண்டியது, முப்பத்தைந்து தாண்டியது. நாலு மணிக்கு முடியும் என்றார்களே, அதுவும் இல்லை. கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போனது. கம்பளி வாங்க வந்த ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தக் குளிரிலும் அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. விட்டால் இவ்வளவு நேரம் நின்றதெல்லாம் வீண், பிடித்தால் இன்னும் ஆயிரம். நடுவில் வழியே இல்லை.

அப்போது திரையை மறைத்துக்கொண்டு ரபியாவின் அழைப்பு வந்தது. சட்டென்று கட் செய்தார். மறுபடி வந்தது. "இவ ஒருத்தி, நேரங்காலம் தெரியாம!" என்று மறுபடியும் கட் செய்தார். மூன்றாவது முறை வரவில்லை.

நாற்பத்தாறாயிரத்தில் 'செ' ஓய்ந்தது.

"ஜெயிச்சாச்சுலே பொன்னு!" என்று கடைக்குள்ளேயே எழுந்து நின்று கத்தினார். பொன்னுச்சாமி டீ வாங்கி வந்தார். ஒரு வாய் குடித்த பிறகுதான் வீட்டு ஞாபகமே வந்தது. அவசரமாகக் கூப்பிட்டார். ரபியாவின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"ஒண்ணுமில்லங்க... மூச்சு முட்டுச்சு. சிலிண்டர் திருகு எனக்குத் திருக வரல. அதான் கூப்பிட்டேன்... ஜன்னலத் தட்டுனேன், கீழ் வீட்டு விசாலாட்சி ஓடியாந்து தொறந்து விட்டுச்சு. போனு கட்டாயிக்கிட்டே இருந்துச்சு. டவர் இல்ல போல."

"ஆமா... டவர் இல்ல" என்றார் பிச்சை முகம்மது. அதற்குப் பிறகு அந்த டீயை அவரால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் விலாசம் கேட்டு வியாபாரி கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுஷராகத்தான் பேசினார். "ஏனுங்க பாய், ரெண்டு பேரும் எதுக்குங்க அப்படி அடிச்சுக்கிட்டீங்க? பக்கத்துலயே இருபத்தெட்டுக்கு இன்னொண்ணு இருந்துச்சுங்களே. ஒரே ரகம், ரெண்டும் நல்லா ஓடுதுங்க. எனக்கே புரியலீங்க. உங்ககிட்டத் தோத்த அந்தம்மா, வீட்டுக்காரருக்கு முடியலீங்களாம், உடனே அதை எடுத்துக்கிட்டாங்க."

தோற்றவள் இருபத்தெட்டுக்கு வாங்கிவிட்டாள். ஜெயித்தவர் நாற்பத்தாறு கட்டினார்.

புதன்கிழமை பார்சல் லாரியில் மெஷின் வந்தது. படியில் இறக்கிக் கட்டில் பக்கம் வைத்து, பிளக்கைச் சொருகி, குழாயை ரபியாவின் மூக்கில் மாட்டிவிட்டார். மெஷின் ஒரே சீராக உறுமியது. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. தெளிந்ததும் முதல் கேள்வி, "எத்தனைக்கு முடிச்சீங்க?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். வாய் வரவில்லை. "நாப்பத்தாறு."

"அவன் எவ்வளவு சொன்னான்?"

"இருபத்தெட்டு."

ரபியா குழம்பிப்போய் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. "யா அல்லா! சொன்னதுக்கு மேலயா குடுத்தீங்க? எனக்காகவா?" என்று அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "என்னயக் கொறைச்சுக் கேட்டீங்களே, அந்த அரைப் பவுனு இன்னிக்கு நேராயிருச்சுங்க."

ஏலத்தன்று அவ்வளவு நேரமும் பிச்சை முகம்மது மனசில் இருந்தது அந்த 'செ' மட்டும்தான். ரபியா ஒரு நொடிகூட இல்லை. அவளே கூப்பிட்டபோதும் கட் செய்தார். இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷமும் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த நாற்பத்தாறை அவள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவதைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"ரபியா, அன்னிக்கு நீ கூப்பிட்டப்ப டவர்..."

"அட, அதை விடுங்க. மலைன்னா டவர் போகும் வரும்" என்றாள்.

அவர் கையை விடாமலே தூங்கிப் போனாள். மூச்சு முட்டி உட்கார்ந்தே கண் அசந்துகொண்டிருந்தவள், பல மாதத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கினாள். கையை உருவினால் விழித்துக்கொள்வாளோ என்று பிச்சை முகம்மது அசையாமல் உட்கார்ந்திருந்தார்.